வெறும் நாள்

எங்கள் மில்லுக்கு மா அரைக்க வருகிற சனங்கள் தங்கள் வீட்டுக் கலியாணத் திகதியை முதலாளி அண்ணைக்குச் சொல்லமாட்டார்கள். ஊறவைத்த அரிசியைச் சாக்கோடு இறக்கி வைப்பார்கள். "என்ன, வீட்டிலை விசேஷமோ?" என்று அவர் கேட்பார். "சீச்சீ, சும்மா வீட்டுப் பாவிப்புக்கு" என்பார்கள். வீட்டுப் பாவிப்புக்கு ஒருவரும் சாக்குக் கணக்கில் அரிசி ஊறப்போடுவதில்லை என்று அவருக்கும் தெரியும். முகம் வாடிப்போகும். ஆனால் மறுபடி கேட்கமாட்டார்.

சொன்னவர்கள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் மற்றவர்கள் மறைக்கப் பழகினார்கள். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அம்மா ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டார். மகளுக்குக் கலியாணம், செப்ரெம்பர் முதலாம் திகதி. அண்ணை உடனே மெஷினை நிற்பாட்டினார்.

"மாத்தேலாதோ அக்கா?"

"என்னத்தை?"

"நாளை."

"ஐயர் பார்த்துத் தந்த நாளல்லோ?"

"ஐயர் பார்த்தது நட்சத்திரத்தை. உலகத்தைப் பார்க்கேல்லை. ரண்டாவது உலக யுத்தம் தொடங்கின நாள் அது. அதுக்கு முன்னம் ஒரு செப்ரெம்பர் ஒண்டிலைதான் ஜப்பானிலை பூமி நடுங்கி, பட்டினம் முழுக்க எரிஞ்சது."

அந்த அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "மாப்பிள்ளை ஜப்பானில்லை. கொடிகாமம். நீர் அரிசியை அரையும்."

அரைத்துக் கொடுத்தார். கலியாணம் குறையில்லாமல் நடந்தது. அடுத்த கிழமை அந்த அம்மா பயற்றம்பணியாரம் கொண்டுவந்து நீட்டி, "யுத்தம் ஒண்டும் தொடங்கேல்லை, சாப்பிடும்" என்றார். அண்ணை ஒன்றை எடுத்துக் கடித்து, மெதுவாக மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"இன்னும் ஒரு வருசம் போகட்டும் அக்கா."

அதன் பிறகு அந்த அம்மா வேறு மில்லுக்குத்தான் போனார்.

கீரிமலைக்குப் போகிற றோட்டில் இருந்தது அண்ணையின் மில். வீடு அதற்குப் பின்னால். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு பல இடங்களில் வேலை செய்துவிட்டுக் கடைசியில் அவரிடம் வந்து சேர்ந்தேன். நாலுபேருக்கு முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம். மில் வேலை எனக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம். மெஷின் ஓடுகிறபோது ஒருவரும் நம்மிடம் பதில் எதிர்பார்க்கமாட்டார்கள். தலையாட்டினால் போதும்.

அண்ணை மெலிந்த ஆள். புருவத்திலும் கண்மடலிலும் எப்போதும் மா படிந்திருக்கும். காலமை மெஷினைப் போட முன்னம் பொலித்தீன் பையால் சுற்றிய ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு நிற்பார். செய்தி முடிந்ததும், இதே நாளில் முன்னொரு காலத்தில் உலகத்தில் என்ன நடந்தது என்று ஒருவர் வாசிப்பார். அதை ஒரு சொல் விடாமல் கேட்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிகசாலைக்குப் போய்ப் பேப்பர்களில் அதையே தேடுவார். கேட்டதும் வாசித்ததும் அவர் தலையைவிட்டுப் போகாது. நல்லவை வாசிப்பவர் வாயில் வரும், அண்ணையின் காதில் நிற்காது. கப்பல் கடலில் தாழ்ந்தது, அணை உடைந்தது, சுரங்கம் இடிந்தது, இவைதான் நிற்கும்.

பிறகு அன்றைய நாளை எனக்குச் சொல்லுவார். "தம்பி, இண்டைக்கு நெருப்பு நாள். மிளகாய் வறுக்கிற அடுப்பைக் கவனமாப் பார்." "இண்டைக்கு நிலம் நடுங்கின நாள். சாக்கை உயர அடுக்காதை." நான் தலையாட்டுவேன். அடுப்பைக் கவனமாகப் பார்ப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் பயந்தான். டிசெம்பர் இருபத்தெட்டு என் பிறந்தநாள். அது புயலில் ஒரு பெரிய பாலம் ரயிலோடு ஆற்றுக்குள் விழுந்த நாள் என்று அவர் சொன்ன பிறகு, அந்த நாளில் நான் வழுக்கையாற்றுப் பாலத்தைச் சைக்கிளில் ஏறிக் கடப்பதில்லை. இறங்கி உருட்டிக்கொண்டு போவேன். வழுக்கையாற்றில் அந்த நேரம் முழங்காலளவு தண்ணீர்தான் ஓடும். என்றாலும் இறங்கித்தான் போவேன்.

மில் சுவரில் ஒரு நாட்கலண்டர் தொங்கியது. எல்லா இடத்திலும் காலமையில் நேற்றைய தாளைக் கிழிப்பார்கள். அண்ணை அப்படிச் செய்யமாட்டார். பொழுதுபட்டு, மெஷினை நிற்பாட்டி, தரையைக் கூட்டின பிறகுதான் அன்றைய தாளைக் கிழிப்பார். அதை நாலாய் மடித்து, மா வறுக்கிற அடுப்பின் தணலில் போடுவார். அது எரிந்து முடியும்வரை நின்று பார்ப்பார்.

"தப்பிட்டம் தம்பி" என்பார். அதன் பிறகுதான் முகம் கழுவப் போவார்.

இந்தப் பயம் அவருக்கு எங்கே பிடித்தது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய மனைவிதான் எனக்குச் சொன்னார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். டிசெம்பர் இருபத்தாறு, சுனாமியாய்க் கடல் வந்த அன்று காலமை, அண்ணை வழக்கம்போல ரேடியோ கேட்டிருக்கிறார். போன வருடம் இதே நாளில் ஈரானில் பூமி நடுங்கி ஏராளம் சனம் செத்தது என்று அதில் சொன்னார்களாம். அவருடைய தங்கச்சி வடமராட்சி கிழக்கில், கடற்கரையூர் ஒன்றில் கலியாணம் செய்து இருந்தார். "இண்டைக்கு நாள் சரியில்லைப்போலை கிடக்கு, தங்கச்சியை ஒருக்காப் பாத்திட்டு வருவமோ" என்று அண்ணை கேட்டாராம். "ஈரான் எங்கை, உங்கடை தங்கச்சி எங்கை, விசர்க்கதை கதையாதையுங்கோ" என்று அக்கா சிரித்தாராம். அண்ணையும் சிரித்துவிட்டு மில்லைத் திறந்தாராம். பொழுது ஏறமுன் கடல் வந்துவிட்டது. தங்கச்சி திரும்பி வரவில்லை.

"போயிருந்தாலும் இவரும் சேர்ந்து போயிருப்பார். அதைச் சொன்னால் விளங்குதில்லை" என்றார் அக்கா. "நான் சிரிச்சன் தம்பி. அதாலை இப்ப என்ன சொன்னாலும் சிரிக்கிறேல்லை."

அதன் பிறகு பிறந்தவள் என் மகள். என் மனைவிக்கு வலி வந்தது வேலை நேரத்தில். ஒட்டோ கிடைக்கவில்லை. அண்ணை மெஷினை அப்படியே விட்டுவிட்டு, சாக்கு ஏற்றுகிற லான்ட்மாஸ்டர் உழவு மெஷினைப் பெட்டியோடு கொண்டுவந்தார். வெறும் சாக்குகளை மெத்தைபோல விரித்து என் மனைவியை ஏற்றி, பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி மர வாங்கில் தலையிலிருந்து கால்வரை மாவோடு குந்தியிருந்த அவரை, யாரோ திருநீறு பூசின சாமியார் என்று நினைத்து ஒரு வயதுபோன மனுஷி கும்பிட்டாள். அவர் அதைக் கவனிக்கவேயில்லை. வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்பிள்ளை, இரண்டு பேரும் சுகம் என்று தாதி வந்து சொன்னாள். அண்ணை எழும்பிக் கைகூப்பினார். பிறகுதான் அவருடைய கண் சுவரில் இருந்த கலண்டருக்குப் போனது. மார்ச் இருபத்தேழு. அவருடைய உதடு மெல்ல அசைந்தது. அந்த அசைவு எனக்குத் தெரியும். தலைக்குள் தேடுகிறார்.

"அண்ணை, இண்டைக்கு என்ன நாள்?"

அவர் என்னைப் பார்த்தார்.

"ஒண்டுமில்லை" என்றார். "வெறும் நாள்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சுப்போட்டன். வெறும் நாளடா. உலகத்திலை ஒரு இலைகூட விழேல்லை."

எனக்குக் கண்கலங்கிவிட்டது. வருடம் முழுவதையும் பயத்தோடு பார்க்கிற மனிதன், என் பிள்ளை பிறந்த நாளை மட்டும் சுத்தம் என்று சொன்னார். அதை நான் கோயிலில் பூ விழுந்த மாதிரி எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அண்ணை ரொபி இனிப்பு வாங்கி வந்து மில்லுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார். "இண்டைக்கு வெறும் நாள். பயப்பிடாமல் அரையுங்கோ" என்பார். என் மகள் நடக்கத் தொடங்கியதும் அவளே சட்டியை ஏந்திக்கொண்டு கொடுத்தாள். அண்ணையை அவள் பெரியப்பா என்று கூப்பிடுவாள். நாளடைவில் இந்தக் கதை ஊருக்குள் பரவிவிட்டது. அண்ணை நம்புகிற ஒரேயொரு நாள் என்றால் அதில் ஏதோ இருக்கவேண்டும் என்று சனங்கள் நினைத்தார்கள். ஒருவர் தன் புதுவீட்டுக்கு அத்திவாரக் கல்லை அந்த நாளில் வைத்தார். அண்ணையைக் கூப்பிட்டு முன்னுக்கு நிற்கவும் விட்டார். அண்ணைக்கு அன்று வேர்த்து ஊற்றியது. அந்த வீடு கட்டி முடிந்த பிறகும், பின்னேரங்களில் அதன் பக்கமாய் நடந்துபோய்ச் சுவரில் வெடிப்பு ஏதும் இருக்கிறதோ என்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். ஏன் பார்க்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

விளங்காத இன்னொன்றும் இருந்தது. அண்ணைக்கு மனதாரப் பிடித்த நாளென்று ஒன்று இருந்தது. ஏப்ரல் பன்னிரண்டு. முதன்முதலாக ஒரு ரஷ்யன் விண்வெளிக்குப் போய் வந்த நாள். "பூமியை வெளியிலை நிண்டு பார்த்திட்டு, கீறல்கூட இல்லாமல் இறங்கி வந்தவன் தம்பி அவன்" என்று மெஷினுக்கு மேலால் கத்திச் சொல்லுவார். ஒருமுறை மிளகாய் அரைக்க வந்த வாத்தியார் ஒருவர், "அவர் பிறகு எப்பிடிச் செத்தவர்? ஏதோ சின்ன விமானம் விழுந்தெல்லோ?" என்று கேட்டார். "எப்ப எண்டு தெரியாது" என்று அண்ணை சொல்லிவிட்டு, பெல்ட் பட்டியைப் பார்க்கிற மாதிரி மெஷினுக்குப் பின்னால் போய்விட்டார். உலகத்துச் சாவெல்லாம் தெரிந்த மனிதனுக்குத் தனக்குப் பிடித்த ஆளின் சாவு தெரியாதா என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கேட்கக் கூச்சமாயிருந்தது. கேட்கவில்லை.

என் மகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியிருந்த காலம். அண்ணைக்குச் சாக்குத் தூக்கினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. பிறகு தூக்காமலே வாங்கியது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நெஞ்சுக் குழாய்கள் அடைத்துப்போய்க் கிடக்கின்றன, திறந்துதான் செய்யவேண்டும் என்றார்கள். முதலில் கொடுத்த திகதி பெப்ரவரி ஒன்று. அக்காவும் நானும் பக்கத்தில் நின்றோம்.

"அண்டைக்கு ஏலாது டொக்டர்" என்றார் அண்ணை.

"ஏன்? வீட்டிலை ஏதும் இருக்கோ?"

"மேலை போன விண்வெளி ஓடம் இறங்கி வரேக்கை எரிஞ்ச நாள். ஏழு பேர்."

அந்த டொக்டர் இளம் ஆள். பேனையை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா நிலத்தைப் பார்த்தார். வேறு நாள் கொடுத்தார்கள். மார்ச் பதினொன்று. ஜப்பானில் கடல் வந்த நாள் என்று அதையும் வேண்டாம் என்றார். கடல் என்ற சொல்லைச் சொன்னபோது அவருடைய குரல் உடைந்தது. டொக்டர் கோபிக்கவில்லை. மூன்றாவது முறை எழுதும்போது மட்டும் சொன்னார்: "ஐயா, இதையும் விட்டால் பிறகு உங்களுக்கு நாள் தேவைப்படாது."

மூன்றாவது திகதி மார்ச் இருபத்தேழு.

அக்கா அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். "முருகா, பிள்ளையின்ரை பிறந்தநாள்! நீங்களே வெறும் நாள் எண்டு சொன்ன நாள். இனி என்ன சாட்டுச் சொல்லப்போறியள்?"

பஸ்ஸில் வரும்போது அண்ணை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த நாட்களில் காலமையில் எனக்கு நாள் சொல்லவுமில்லை. அக்கா சந்தோஷமாய்ச் சாமான் சட்டெல்லாம் ஆயத்தப்படுத்தினார். எனக்கு மட்டும் பயம் பிடித்தது. நெருப்பு நாளோ நடுக்க நாளோ என்று தெரியாமல் வேலை செய்ய எனக்குப் பழக்கமில்லை.

ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கவேண்டிய கிழமை வந்தது. ஒரு பின்னேரம், சனம் இல்லாத நேரம், அண்ணை மெஷினை நிற்பாட்டினார்.

"தம்பி, நான் போகேல்லை."

"என்னண்ணை சொல்லுறியள்? வெறும் நாள்தானே?"

அவர் ஒரு சாக்கின் மேல் இருந்தார். தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். மா பூசுப்பட்டு முகம் இன்னும் வெளுத்தது.

"வெறும் நாளில்லை" என்றார்.

ஒரு தீவின் விமான நிலையத்தில், ஓடுபாதையிலேயே இரண்டு பெரிய விமானங்கள் ஒன்றையொன்று மோதி எரிந்த நாள் அது என்றார். அதற்குமுன் அலாஸ்கா என்ற இடத்தில் பூமி நடுங்கியதும் ஒரு மார்ச் இருபத்தேழில்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அந்த ரஷ்யனும்" என்றார். "மேலை போய்ச் சுகமா வந்தவன், விழுந்து செத்ததும் அந்த நாளிலைதான்."

"அப்ப ஏன் அண்ணை…"

"பின்னை என்னத்தைச் சொல்ல? பிள்ளை பிறந்து துடைச்சுக்கூட முடியேல்லை. உன்ரை முகத்தைப் பார்த்திட்டு நான் விமானக் கதை சொல்லுறதோ?"

அவர் துவாயை மடித்து மடியில் வைத்தார்.

"எனக்கு அந்த விமானங்களுக்குப் பயமில்லையடா" என்றார். "ஏற்கெனவே அந்த நாளிலை அவ்வளவு கிடக்கு. அதுக்கு மேலை நானும் போய்க் கிடக்கோணுமோ? அவள் கேக் வெட்டேக்கை, உன்ரை அக்கா பின்வீட்டிலை என்ரை படத்துக்கு விளக்கேத்துவா. வருசாவருசம். இவ்வளவு காலமும் காப்பாத்தி வைச்ச நாள். நானே பழுதாக்கிறதோ?"

இந்த மனிதன் சாகப் போகிறார், அதற்குக் காரணம் என் மகளின் பிறந்தநாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் ஒருநாளும் அவரோடு எதிர்த்துக் கதைத்ததில்லை. அன்று எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"அண்ணை, தங்கச்சியின்ரை திவசம் எப்ப செய்யிறியள்?"

"என்ன கேள்வி இது? மார்கழிப் பறுவத்திலை."

"இருபத்தாறாம் திகதியிலை இல்லையே?"

"கடல் வந்த அண்டைக்குப் பறுவம், முழு நிலவு. திவசம் எண்டால் திதியிலைதானே செய்யிறது."

"அந்தத் திதி திகதியிலை நிக்குதோ? ஒரு வருசம் கிறிஸ்மஸுக்கு முதலே வருகுது. ஒரு வருசம் பொங்கல் வரைக்கும் இழுபடுகுது." என் குரல் எனக்கே பெரிதாய்க் கேட்டது. "நீங்கள் அண்டைக்குச் செத்தாலும் உங்கடை திவசம் திதியிலைதான் வரும். அடுத்த வருசம் அது எங்கையோ தள்ளிப் போயிடும். பிள்ளை இங்கிலீஷ் திகதியிலை கேக் வெட்டுவாள். ரண்டும் முட்டுப்படாது. நீங்கள் பயப்பிடாமல் சாகலாம்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

அண்ணை என்னையே பார்த்தார். "அப்ப நான் ஏன் இருபத்தாறாம் திகதியும் மில்லைப் பூட்டுறன்?" என்று கேட்டார். கேள்வி சரியானதுதான். அவர் பறுவத்துக்கும் பூட்டுவார், இருபத்தாறுக்கும் பூட்டுவார்.

"அது பூட்டுறது நீங்கள்" என்றேன். "செத்தது நீங்களெண்டால் மில்லைத் திறக்கிறது நான். நான் பூட்டமாட்டன். ரொபியும் குடுப்பன்."

முதலில் அவருடைய தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் பயந்துபோனேன். சிரிப்பு. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாக்கில் சாய்ந்தார். அக்கா வீட்டிலிருந்து ஓடிவந்தார்.

"இஞ்சேரும், இந்தப் பெடியன் என்னைப் பயப்பிடாமல் சாகச் சொல்லுறான்."

"நல்லாச் சொன்னான்" என்றார் அக்கா. அவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. "தண்ணியைக் குடியுங்கோ."

அண்ணை ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார்.

அந்த நாள் காலமை அவரைத் தள்ளுவண்டிலில் கொண்டுபோகும்போது நான் கூடவே நடந்தேன். கையைக் காட்டிக் கூப்பிட்டார். குனிந்தேன்.

"கலண்டரை முன்னம் கிழிச்சுப்போடாதை. பொழுது படட்டும்."

"ஓம் அண்ணை."

கதவு மூடியது. அக்கா வாங்கில் இருந்து உதட்டுக்குள் தேவாரம் சொன்னார். நான் நின்றுகொண்டேயிருந்தேன். விமானம், பூமி, ரஷ்யன் என்று தலைக்குள் ஓடிக்கொண்டேயிருந்தது. இவ்வளவு காலமும் அண்ணை ஒவ்வொரு நாளும் இப்படித்தான் இருந்திருப்பாரோ என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு மகள் தாயோடு வந்தாள். புத்தகப் பைக்குள் ரொபிப் பை இருந்தது. ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

"முடிஞ்சுதோ அப்பா?"

"இன்னும் இல்லை. பயப்பிடாதை பிள்ளை. இண்டைக்கு வெறும் நாள்தானே?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து, தாய்க்கும் அக்காவுக்கும் கேட்காமல் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் அப்பா."

"என்ன தெரியும்?"

"விமானம் ரண்டும் மோதினது. போன வருசமே அம்மாவின்ரை போனிலை பார்த்தனான்."

"பெரியப்பாவிட்டை ஏன் கேட்கேல்லை?"

"கேட்டால் அவர் எந்த நாளைச் சந்தோசமாச் சொல்லுறது?" என்றாள். "வருசத்திலை அவருக்கு இருக்கிறது இந்த ஒரு நாள்தானே?"

பின்னேரம்தான் தாதி வந்து, செய்து முடிந்தது, கண்விழிக்கப் பொறுத்திருக்கவேண்டும் என்று சொன்னாள். கடைசி பஸ்ஸைப் பிடித்து நான் மில்லுக்கு வந்தேன். பொழுது பட்டிருந்தது. தாளைக் கிழித்து, நாலாய் மடித்து, அடுப்பு மூட்டியிராதபடியால் நெருப்புக்குச்சி தட்டிக் கொளுத்தினேன். விரல் சுடும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதைக்க விட்டதும் அண்ணை என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"கிழிச்சியோ?"

"கிழிச்சன்."

"பொழுது பட்டாப் பிறகோ?"

"ஓம் அண்ணை."

கண்ணை மூடிக்கொண்டார். "தப்பிட்டம்" என்றார்.

அதன் பிறகு அண்ணை திருந்திவிட்டார் என்று சொன்னால் பொய். திரும்பி வந்த கிழமையே ஒரு தாயிடம், பிள்ளைக்கு மொட்டையடிக்கிற நாளை மாற்றச் சொல்லிச் சண்டை பிடித்தார். வருசாவருசம் மார்ச் இருபத்தேழில் ரொபி கொடுப்பார். "வெறும் நாள் பிள்ளை" என்பார். "ஓம் பெரியப்பா" என்பாள் அவள். இரண்டு பேருக்கும் தெரியும். ஒருவருக்குத் தெரியும் என்பது மற்றவருக்குத் தெரியாது. நடுவில் நான் நின்று, வாய்தவறிவிடுமோ என்ற பயத்தில் மெஷினைப் போட்டுவிடுவேன்.

போன வருடம் அவர் போனார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மில் வாசலில் கதிரையில் சாய்ந்திருந்தார். நித்திரை என்று நினைத்து நான் அரைத்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த அக்கா கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். மெஷினை நிற்பாட்டு என்று.

பொழுதுபடுகிற நேரம் வீடு நிறையச் சனம். ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதியைச் சொன்னார். நான் மில்லுக்குள் தனியே வந்தேன். அன்றைய தாள் இன்னும் சுவரில் இருந்தது. அன்று காலமையும் அவர் எனக்கு நாள் சொல்லித்தான் இருந்தார். "தம்பி, இண்டைக்கு" என்று தொடங்கினார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சம் காதில் விழவில்லை. வழக்கம்போலத் தலையாட்டினேன்.

இனி அது என்ன நாள் என்று யாரிடம் கேட்பது? நெருப்பா, கடலா, நடுக்கமா? கை தாளில் இருந்தது. கிழிக்க முடியவில்லை.

மகள் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். இப்போது அவளிடம் தன் சொந்தப் போன் இருக்கிறது.

"பிள்ளை, இண்டைக்கு உலகத்திலை என்ன நடந்ததெண்டு ஒருக்காப் பார்."

அவள் கதவடியில் நின்று பார்த்தாள். போன் வெளிச்சம் அவளுடைய முகத்தில் விழுந்தது. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நிறைய இருந்திருக்கவேண்டும். கனநேரம் தள்ளினாள். பிறகு போனைக் கவிழ்த்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஒண்டுமில்லை அப்பா" என்றாள். "வெறும் நாள்."